மூன்று ஓமும் ஒரு பலகையும்

நான் முதன்முதலில் அந்த வீட்டுக்கு அறை பார்க்கப் போனபோது விறாந்தையில் மூன்று தையல் மெசின்கள் வரிசையாக நின்றன.

"நீங்கள் தைக்கிறனீங்களோ அக்கா?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றார்.

அவருக்கு ஊசியில் நூல் கோக்கவே தெரியாது என்று இரண்டு நாளில் தெரிந்தது. மூன்றும் வெளிநாடு போனவர்கள் விட்டுப்போன மெசின்கள். "கொஞ்ச நாளைக்கு வைச்சிருங்கோ" என்று ஒவ்வொருவரும் கேட்டிருக்கிறார்கள், அக்காவும் ஓம் என்றிருக்கிறார். அவற்றைத் தவிர வேறு யாரோ விட்டுப்போன நாயொன்று, ஒற்றைச் சில்லோடு ஒரு சைக்கிள், யாருடைய கலியாணத்துக்கோ வாங்கி மிஞ்சிய இருநூறு அழைப்பிதழ் உறைகள் எல்லாம் அந்த வீட்டில் இருந்தன. நாய் இன்னும் பழைய வீட்டுக்காரரின் பெயருக்குத்தான் திரும்பிப் பார்க்கும்.

அக்காவைப் பொய்க்காரி என்று யாரும் சொல்லிவிட முடியாது. வாயிலிருந்து ஓம் வந்துவிட்டால் அதை எப்பாடுபட்டாவது உண்மையாக்கப் பார்ப்பார். தைக்கிறனீங்களோ என்று நான் கேட்டுவிட்டேன் அல்லவா, அதற்காக இரண்டு கிழமை இருந்து தைக்கப் பழகி எனக்கொரு சட்டை தைத்துத் தந்தார். அதன் இரண்டு கையும் இடது கை. நான் அதைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் வங்கிக்கும் போய்வந்தேன்.

நான் வங்கி வேலையில் வவுனியாவிலிருந்து மாற்றலாகி மருதனார்மடத்துக்கு வந்தவள். சந்தியிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் அந்த ஒழுங்கை. அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் காணி உறுதிப் பத்திரங்கள் தட்டச்சுச் செய்யும் வேலை. தனியாக இருந்தார். ஏன் தனியாக இருக்கிறார் என்பதை மேற்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான் எனக்குச் சொன்னார். அவர் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒழுங்கை முழுவதும் அவருக்கு இன்னும் மனேச்சர் என்றுதான் பெயர்.

"உவ ஒரே கிழமையிலை ரெண்டு இடத்துக் கலியாணத்துக்கு ஓமெண்டவ" என்றார் மனேச்சர். "ரெண்டு பகுதியும் மண்டபம் பதியப் போச்சினம். ஒரே மண்டபம், ஒரே நாள். பொம்பிளையின்ரை பேர் என்னெண்டு மண்டபக்காரன் கேக்க, ரெண்டு தேப்பன்மாரும் ஒரே பேரைச் சொல்லியிருக்கினம். பிறகென்ன, ரெண்டும் குழம்பிச்சுது. அதுக்குப் பிறகு ஒருத்தரும் கேட்டு வரேல்லை."

அன்று பின்னேரம் அக்காவிடமே கேட்டேன். "உது உண்மையோ அக்கா?"

"ஓம்" என்றார். அவர் சொன்ன ஓம் என்பதால் அதையும் என்னால் முழுதாக நம்ப முடியவில்லை.

அந்தப் பலகையும் ஓமால்தான் வந்தது. எனக்கு முன்னால் அந்த அறையில் இருந்தவர் ஒரு பொறியியல்காரர். வெளிநாடு போகும்போது ஒரு பிஸ்கற் தகரத்தை அக்காவின் கையில் கொடுத்து, "இது வீட்டிலை வைச்சுப் பழகுற சின்னக் கொம்பியூட்டர் அக்கா. வித்துப்போட மனமில்லை. நீங்கள் பழகுங்கோ" என்றிருக்கிறார். வைச்சிருங்கோ என்று சொல்லியிருந்தால் தகரம் தையல் மெசின்களுக்குப் பக்கத்தில் கிடந்திருக்கும். பழகுங்கோ என்று சொல்லிவிட்டார். அக்காவும் ஓம் என்றுவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தகரத்தைத் திறந்தோம். உள்ளங்கைக்குள் அடங்கும் பச்சைப் பலகை, அதன் ஓரத்தில் சீப்புப் பல்லுப்போல இரண்டு வரிசைக் கம்பிகள், நிறம் நிறமாக வயர்கள், கடுகளவு விளக்குகள், அச்சடித்த முப்பது பக்க வழிகாட்டி. இதற்குத் திரையும் கிடையாது, விசைப்பலகையும் கிடையாது. எல்லாம் நாங்கள்தான் கொடுக்க வேண்டும். அக்கா தொலைக்காட்சியைத் திரையாக்கினார். கந்தோரில் கழித்துவிட்ட விசைப்பலகையை ஓம் சொல்லி வாங்கி வந்தார். சந்தியில் போன் திருத்துகிற கடையில் மெமரி கார்ட்டில் அதற்கான மென்பொருளை ஏற்றிக்கொண்டோம்.

போன் சார்ஜரில் செருகினோம். திரையில் எழுத்துகள் மழையாகக் கொட்டின. பிறகு மேல் மூலையில் மஞ்சளாக ஒரு மின்னல் தோன்றியது.

அக்கா பாய்ந்து எழும்பினார். "மின்னல் அடிக்குது பிள்ளை, கழட்டட்டோ?"

அவர் வானத்தைப் பார்த்தார். நான் வழிகாட்டியைப் பார்த்தேன். சார்ஜரின் வலு போதாவிட்டால் அப்படிக் காட்டுமாம். வேறு சார்ஜர் வாங்கினோம், மின்னல் போய்விட்டது. ஆனால் அதற்குப் பிறகும் மழை இருட்டினால் அக்கா பலகையிடம்தான் முதலில் வந்து பார்ப்பார்.

தட்டச்சில் அவர் புலி. வழிகாட்டியில் இருந்த கட்டளைகளை ஒரு புள்ளி, ஒரு இடைவெளி பிசகாமல் அடித்தார். "உறுதியிலை ஒரு எழுத்துப் பிழைச்சா ஒரு பரப்புக் காணி போயிடும். இதுவும் அந்தச் சாதிதான்" என்றார். அவருக்கு வந்த கஷ்டம் வேறு. இயந்திரம் இடைக்கிடை கேள்வி கேட்கும். ஓமா இல்லையா என்று கேட்டு, ஒரு எழுத்தை அமத்தச் சொல்லும்.

மூன்றாம் நாள் நான் வேலையால் வரும்போது அக்கா வாசலில் நின்றார், முகம் வெளிறியிருந்தது.

"எல்லாத்தையும் அழிக்கட்டோ எண்டு கேட்டது பிள்ளை."

"ஐயோ. என்ன சொன்னனீங்கள்?"

"ஓம் எண்டுட்டன்."

அப்படி மூன்று தரம் அழிந்தது, மூன்று தரம் சந்திக் கடைக்குப் போனோம். நாலாம் தரம்தான் முதல் விளக்கு எரிந்தது. கம்பியில் வயரைச் செருகி, ஆறு வரி அடித்து, கடைசி விசையை அமத்த, கடுகளவு சிவப்பு விளக்கு மினுங்கத் தொடங்கியது. ஒரு செக்கன் எரியும், ஒரு செக்கன் அணையும். நாங்கள் இருவரும் சாப்பாட்டை மறந்து அரை மணித்தியாலம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சிரிப்புச் சத்தம் கேட்டு மனேச்சர் வந்தார்.

"இது என்னத்துக்கு?"

"சும்மா, மினுங்குது அண்ணை" என்றார் அக்கா.

மனேச்சர் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குச் சும்மா என்ற சொல் பிடிக்காது. "உதாலை என்ரை தண்ணித் தாங்கி நிறைய மோட்டரை நிப்பாட்டேலுமோ?"

அக்காவின் வாயிலிருந்து என்ன வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதற்கு ஒரு மாதம் எடுத்தது. வயர் மதிலைத் தாண்டிப் போனது, தாங்கிக்குள் ஒரு மிதவை போனது, மோட்டருக்கு ஒரு சின்னப் பெட்டி பூட்டப்பட்டது. நிறைந்ததும் மோட்டர் நின்றது. மனேச்சர் மகிழ்ந்துபோய், விடிய ஐந்து மணிக்குத் தனக்கொரு தேவாரமும் போட்டுவிடச் சொன்னார். ஓம். அதைக் கேள்விப்பட்டுக் கிழக்குப் பக்கத்து வீட்டு மிஸ் வந்தார்.

மிஸ் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவர், வேதக்காரர், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போவார். கணவர் இல்லை. ஒரே மகள் டிலானி. அவர்களுடைய பின்வளவில் மரக்கறித் தோட்டம் இருந்தது. இரவில் ஒரு கட்டாக்காலி மாடு வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து கத்தரியையும் கீரையையும் மேய்ந்துவிட்டுப் போகும்.

"உமது பலகை மாட்டைக் கலைக்குமோ?" என்று கேட்டார் மிஸ்.

"ஓம் மிஸ்."

ஆள் அசைந்தால் கண்டுபிடிக்கிற ஒரு கண்ணைக் கிணற்றடியில் பூட்டினோம், தென்னையில் ஒரு ஒலிபெருக்கியைக் கட்டினோம். பின்னேரம் ஆறிலிருந்து விடிய ஆறு வரை அந்த வளவில் எது அசைந்தாலும் பலகை ஒரு குரலைப் போடும். முதலில் அக்காவின் குரலைத்தான் பதிந்தோம். எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு அதட்ட வரவில்லை. "போங்கோ... தயவுசெய்து போங்கோ... அது பயிரெல்லோ" என்று பதிந்தார். அன்றிரவு மாடு கன்றையும் கூட்டிக்கொண்டு வந்து தென்னைக்குக் கீழே நின்று கேட்டுவிட்டுப் போனது.

"மாட்டை விருந்துக்குக் கூப்பிடுறீரோ?" என்று கேட்டுவிட்டு மனேச்சர் மைக்கைத் தன் கையில் வாங்கினார். சங்கக்கடை வரிசையை முப்பது வருடம் ஒழுங்குபடுத்திய தொண்டை அது.

"எடியே மூதேசி! ஆரின்ரை காணியெண்டு நினைச்சாய்? வெளியாலை போடி! இனி இந்தப் பக்கம் வந்தியெண்டால் காலை முறிப்பன்!"

மாடு அதற்குப் பிறகு வரவில்லை. ஒழுங்கையே அக்காவைக் கொண்டாடியது. அப்படியே விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் மின்வெட்டுக் காலம் வந்தது. ஒரு நாளில் நாலு மணித்தியாலம், ஐந்து மணித்தியாலம் என்று கரண்ட் போகத் தொடங்கியது.

அந்தப் பலகைக்குள் மணிக்கூட்டுக்கென்று தனிப் பற்றரி இல்லை. கரண்ட் போனால் அதன் நேரமும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். வந்ததும் விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்கும். இன்ரநெற்றோடு தொடுத்தால் நேரத்தைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். முதல் இரண்டு நாள் அக்கா தன் போனால் தொடுத்துத் திருத்தினார். மூன்றாம் நாள் மனேச்சர் வந்துவிட்டார்.

"தேவாரம் கேட்டாத்தான் எனக்கு விடியிறது. நீர் ஒரு நாளைக்கு முன்னுக்குத் தள்ளுறீர், ஒரு நாளைக்குப் பின்னுக்கு இழுக்கிறீர். என்ரை உடம்பு குழம்புது. அதைத் தன்ரை பாட்டிலை விடும் பிள்ளை."

"ஓம் அண்ணை."

பலகை தன் பாட்டில் போனது. தேவாரம் காலை ஒன்பதுக்கு வந்தது, பிறகு மத்தியானம் வந்தது. ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவும் நேரம் மனேச்சர் தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு பல் விளக்கியபடி முற்றத்துக்கு வந்து, "இண்டைக்கு நல்ல வெளிச்சம்" என்றார். பகிடிக்குச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. அவருடைய மனைவி மட்டும் மதிலடியில் வந்து, "தங்கச்சி, இந்த மனுசனுக்கு நான் எந்த நேரம் புட்டவிக்கிறது?" என்று கேட்டார்.

காவலும் அதோடு நகர்ந்தது. பலகைக்கு நடுச்சாமமாக இருக்கும்போது எங்களுக்கு மத்தியானம். மிஸ் பதினொரு மணிக்குக் கீரை பிடுங்கப் போனால் தென்னையிலிருந்து மூதேசி என்று விழும். மிஸ் பழகிக்கொண்டார். குனிந்தபடியே தவழ்ந்து போய்ப் பிடுங்கிக்கொண்டு வருவார்.

இந்த நிலைமையில்தான் டிலானிக்கு மாப்பிள்ளை வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவர், கொழும்புத்துறையில் சொந்தக்காரர் வீட்டில் நின்றார். வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு.

செவ்வாய்க்கிழமை மிஸ் வந்தார். "பிள்ளை, வெள்ளிக்கிழமை அந்தப் பலகையை நிப்பாட்டி வையும். வாற சனத்தை அது மாடு எண்டு பேசிப்போடும்."

"ஓம் மிஸ்."

புதன்கிழமை மனேச்சர் வந்தார். "வெள்ளிக்கிழமை மூண்டு மணிக்குத்தான் கரண்ட் வருமாம். வந்த உடனை நான் மோட்டரைப் போட்டுட்டுப் படுத்திடுவன். பலகை நிண்டால் தாங்கி வழிஞ்சு கிணறு வத்திப்போம். நிப்பாட்டிப்போடாதையும்."

"ஓம் அண்ணை."

வியாழக்கிழமை டிலானியே வந்தாள். அவளுக்கு அந்த மாதம்தான் கிளிநொச்சியில் வேலை கிடைத்திருந்தது. குசினிக்குள் வந்து, கதவைச் சாத்திவிட்டு அழுதாள்.

"எனக்கு இப்ப வேண்டாம் அக்கா. கலியாணம் முடிஞ்ச கையோடை வேலையை விட்டுட்டு வரச் சொல்லினம். அம்மாவுக்குச் சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போனன். நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம். நாளைக்கு அந்தப் பலகையை மட்டும் நிப்பாட்டாதேங்கோ."

அக்கா அவளுடைய தலையைத் தடவினார். "ஓம் பிள்ளை."

அன்று அக்கா வைத்த சொதியில் உப்பில்லை, சாம்பாரில் இரண்டு தரம் உப்பிருந்தது. சாப்பிடாமல் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூண்டு பேருக்கும் ஓமெண்டுபோட்டன் பிள்ளை."

"மனேச்சருக்குப் பலகை ஓடினால் சரிதானே. ஸ்பீக்கர் வயரை மட்டும் கழட்டிவிடுங்கோவன்."

"கழட்டினால் டிலானிக்குச் சொன்ன ஓம் என்னாகிறது?"

"அப்ப மிஸ்ஸுக்கு ஏலாதெண்டு சொல்லுங்கோ. ஒருக்காவது இல்லையெண்டு சொல்லிப் பாருங்கோவன் அக்கா. ஒண்டும் ஆகாது."

"ஓம், சொல்லுறன்" என்றார். சொல்லவில்லை. அன்றிரவு அவர் படுக்கவுமில்லை.

வெள்ளிக்கிழமை நான் அரைநாள் லீவு போட்டேன். என்னையும் அக்காவையும் பலகாரம் பரிமாற வரச் சொல்லி மிஸ் கேட்டிருந்தார். மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது. பலகை எழும்பியது. அதன் கணக்கில் அப்போது விடிய மூன்று மணி. சரியாகப் பன்னிரண்டு மணித்தியாலம் பின்னால் நின்றது. மனேச்சர் வீட்டில் மோட்டர் இரையத் தொடங்கியது.

மூன்றரைக்கு அக்கா என்னைக் கூப்பிட்டார். சீலை உடுத்தி, பூவும் வைத்திருந்தார். திரையில் ஒரே ஒரு வரி அடித்திருந்தது. பலகையை நிறுத்துகிற கட்டளை. எண்டர் மட்டும் அமத்தவில்லை. கறுப்புத் திரையில் அந்தச் சின்னக் கோடு மினுங்கிக்கொண்டு நின்றது.

"எல்லாம் அடிச்சுப்போட்டன் பிள்ளை. அடுப்பிலை பால் கிடக்கு. நீர் ஒருக்கா எண்டரை அமத்திவிடுமன்."

அவர் குசினிக்குப் போய்விட்டார். நான் விரலை விசையில் வைத்தேன்.

அதற்கு இரண்டு மாதம் முன், நான் லீவில் போனபோது வவுனியாவில் எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பின்னேரம் வந்திருந்தது. தட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பத்துப் பேருக்கு முன்னால் நின்றேன். மாப்பிள்ளையின் அக்கா என்னைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தார். கொஞ்சம் நடந்து காட்டச் சொன்னார். நான் நடந்தேன். அந்த நடையை நினைத்தால் எனக்கு இன்றும் கால் கூசும்.

விரலை எடுத்தேன். என்னுடைய அறைக்குப் போய்ச் சீப்பால் தலை இழுத்தேன்.

"அமத்தினீரோ?" என்று அக்கா குசினிக்குள்ளிருந்து கேட்டார்.

"வெளிக்கிடுவம் அக்கா, நேரம் போகுது" என்றேன்.

வாடகை வான் வண்டியில் எட்டுப் பேர் வந்திறங்கினார்கள். எல்லாரும் முன்வாசலால் வந்ததால் பலகைக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளை சாதுவான ஆள். டிலானி தேத்தண்ணி கொண்டுவந்தாள். மாப்பிள்ளையின் பெரியப்பா ஜெபம் பண்ணிவிட்டுச் சாப்பிடுவோம் என்று எழும்பினார். எல்லாரும் கண்ணை மூடினோம். அவர் ஆற அமர, படைப்பின் முதல் நாளிலிருந்து தொடங்கினார். நான் அரைக்கண்ணால் பார்த்தபோது மாப்பிள்ளையின் தாய் மெதுவாகக் கதிரையை விட்டு எழும்பிக் கை கழுவுகிறவர்போலப் பின்கதவால் இறங்கினார்.

அவர் கை கழுவவில்லை. கிணற்றடியிலிருந்து வேலிவரை அடி வைத்து அளந்துகொண்டு போனார். டிலானிக்குச் சீதனமாக எழுத இருந்த காணி அதுதான்.

"ஆண்டவரே, இந்த வீட்டுக்கு எங்களை அழைத்து வந்தவர் நீரே..." என்றார் பெரியப்பா.

"எடியே மூதேசி!" என்றது தென்னை. "ஆரின்ரை காணியெண்டு நினைச்சாய்? வெளியாலை போடி!"

பெரியப்பா கண்ணைத் திறக்கவில்லை. ஜெபத்தை மட்டும் நிறுத்தினார். எல்லாரும் பின்கதவுக்கு ஓடினோம். மாப்பிள்ளையின் தாய் தோட்டத்து நடுவில் ஒரு காலைத் தூக்கியபடி நின்றார். அவர் அசையாமல் நின்றால் பலகையும் பேசாமல் இருந்தது. தூக்கிய காலை ஊன்றினார். "இனி இந்தப் பக்கம் வந்தியெண்டால் காலை முறிப்பன்!" காப்பாற்றப் போன மாப்பிள்ளைக்கும் மூதேசி விழுந்தது. அவர் சிரித்துவிட்டார். அன்று மாப்பிள்ளை பகுதியில் சிரித்தவர் அவர் ஒருவர்தான். மிஸ் இரண்டு கையையும் விரித்து, "ஒருத்தரும் அசையாதேங்கோ, அசையாட்டில் ஒண்டும் செய்யாது!" என்று கத்தினார். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

ஒருவழியாக எல்லாரும் உள்ளே வந்தபோது மாப்பிள்ளையின் தாய் நடுங்கிக்கொண்டிருந்தார். பயத்தால் அல்ல.

"காணியிலை வழக்கு இருக்கு. பக்கத்து வீட்டுக்காரன் உரிமை கொண்டாடுறான். எங்களுக்கு மறைச்சுப்போட்டியள்!"

"ஐயோ, அது கொம்பியூட்டர்" என்றார் மிஸ்.

"கொம்பியூட்டர் காலை முறிக்கிறன் எண்டு சொல்லுமே?"

பெரியப்பா ஒரு நியாயமான மனிதர். எல்லாரையும் இருக்கச் சொல்லிவிட்டு அக்காவிடம் திரும்பினார். "தங்கச்சி, நீர் நொத்தாரிசின்ரை கந்தோரிலை வேலை செய்யிறதாச் சொல்லிச்சினம். நீர் சொன்னால் நாங்கள் நம்புவம். இந்தக் காணியிலை பிரச்சினை இருக்கோ?"

அக்கா அவருடைய முகத்தைப் பார்த்தார்.

"ஓம்" என்றார்.

"பிள்ளை!" மிஸ் பாய்ந்து அக்காவின் கையைப் பிடித்தார். "ஒரு பிரச்சினையும் இல்லாத சுத்தமான காணியெண்டு சொல்லும்!"

"ஓம்" என்றார் அக்கா. "மிஸ் சொல்லுறது சரி. சுத்தமான காணி."

"அப்ப முதல் என்னத்துக்கு ஓமெண்டனீர்?" என்று கேட்டார் பெரியப்பா.

அக்கா பலகாரத் தட்டத்தைக் கையில் எடுத்தார். இது ஓம் என்று சொல்லக்கூடிய கேள்வி இல்லை.

அவர்கள் பலகாரத்தைத் தொடவில்லை. வான் ஒழுங்கை முடக்கில் திரும்பும்போது மணி ஐந்து. பலகை மனேச்சருக்குத் தேவாரம் போட்டது. மனேச்சர் வீட்டில் விடிந்தது.

மறுநாள் மிஸ் மதிலடிக்கு வந்தார். கண் வீங்கியிருந்தது. "நீர் வேணுமெண்டுதானே செய்தனீர்?"

"ஓம் மிஸ்" என்றார் அக்கா.

மிஸ் அழுதுகொண்டு உள்ளே போனார். பின்னேரம் மனேச்சர் வந்தார். "மின்வெட்டாலை வந்த வினைதானே பிள்ளை, உம்மிலை ஒரு பிழையும் இல்லைத்தானே?"

"ஓம் அண்ணை."

இருவருக்கும் அவரவர் நம்பியது உறுதியானது. நான் இரண்டு நேரமும் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. மிஸ் ஒன்றரை மாதம் அக்காவோடு கதைக்கவில்லை. அந்த ஒன்றரை மாதமும் அக்கா ஒலிபெருக்கியைக் கழற்றி வைத்திருந்தார், மாடு ஒவ்வொரு இரவும் வந்தது. கடைசியில் மிஸ்ஸே வந்து, தன் குரலில் ஆங்கிலத்தில் பதிந்து தருவதாகச் சொன்னார். பதிந்தார். மாடு ஆங்கிலத்துக்கு முதல் தரத்திலேயே போனது. அதில் மிஸ்ஸுக்கு ஒரு பெருமை. அதோடு கோபமும் ஆறியது.

டிலானி கிளிநொச்சிக்குப் போய்விட்டாள். அவள் வேலைக்குப் போன முதல் நாள் மிஸ் அவளுக்குச் சோறு கட்டிக் கொடுத்ததை நான் பார்த்தேன். பொதியை இறுக்கிக் கட்டிக் கொடுத்தார்.

எனக்கு அடுத்த வருடம் மாற்றல் வந்தது. அக்கா என்னுடைய பையைத் தூக்கிக்கொண்டு சந்திக்கு வந்தார். பஸ் வர நேரமிருந்தது. ஒரு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அங்கேதான் சொன்னேன்.

"அக்கா, அண்டைக்கு நான்தான் பிழை விட்டனான். நீங்கள் சொல்லியும் அந்த எண்டரை நான் அமத்தேல்லை. பிறகு மிஸ் உங்களைப் பேசேக்கையும் சொல்லாமல் நிண்டுட்டன்."

"ஓம்" என்றார்.

வழக்கமான ஓம்தான். எனக்கு ஆத்திரம் வந்தது. "சும்மா ஓமெண்டாதேங்கோ அக்கா! உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ?"

அவர் என் பையின் வாரைச் சரி பண்ணினார். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"அடுப்பிலை பால் ஒண்டும் இல்லைப் பிள்ளை. அந்த நாளையிலை பால்மா எங்கை கிடைச்சது? எனக்கு இல்லையெண்டு சொல்ல வராது. உமக்கு வரும். அதுதான் உம்மைக் கூப்பிட்டனான்."